இரண்டு முடிச்சுக் கேன்

பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. என் மனைவி எட்னா கையால் முப்பத்தெட்டு வருஷம் சாப்பிட்டவன் நான். அவளைக்கூட என் கேனைத் தொட விட்டதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் மேல்மலையில் ஒரு மரவெட்டு முகாமில் இருந்தேன். அங்கே எல்லாருடைய மோட்டார் ரம்பத்துக்கும் ஒருவனே கலந்து வைப்பான். ஒரு காலை ஆயில் ஊற்றியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெறும் பெட்ரோலை எங்களுக்குப் பங்கிட்டுவிட்டான். இந்தச் சின்ன இன்ஜின்களுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் உள்ளே வழுக்கல். அது இல்லையென்றால் இரும்பு இரும்பைத் தின்னும். வாங்கி ஒன்பதே நாளான என் ரம்பம் ஒரு பெரிய தேவதாருவின் பாதியில் செத்துப்போனது. பாதி அறுத்த மரம் என் தலைக்கு மேலே நிற்கிறது, காற்று வருகிறது, கையில் இருப்பது வெறும் இரும்புக் கட்டி. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் கேன், என் கை.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, இவன் மரமண்டை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஓட்டர் ஏரிக்கு மேற்கே உள்ள மலைமுதுகில் இடி விழுந்து தீப்பிடித்தது. நாலாம் நாள் தீ அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்து எல்லாரும் கிளம்புங்கள் என்றான். எட்னா பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு, கல்யாண போட்டோவையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு, டவுனில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் போகவில்லை. அறுபத்தொன்றில் நானே மரம் வெட்டி, நானே அறுத்து, நானே ஆணி அடித்த வீடு. அதை எரிய விட்டுவிட்டு ஜிம்னாசியத்தில் கட்டில் போட்டுப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆள் ஒரு காகிதத்தை நீட்டினான். செத்தால் யாரையும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்ததாம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். படித்திருந்தாலும் போட்டிருப்பேன்.

மறுநாள் காலை எதிர்க்கரையில் இருக்கும் எமில் தன் படகில் ஒரு பெண்ணையும் ஒரு தீப்பம்பையும் கொண்டுவந்து என் படித்துறையில் இறக்கினான். எமில் கியூபெக்கிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. இன்னும் எதையும் சீரியஸாகப் பேசத் தெரியாது. அந்தப் பெண் வெர்னா காசிமிர். ஏரியின் வடகோடியில் இருக்கும் பூர்வகுடிகளின் ரிசர்வைச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும், குள்ளம், தலையில் பழைய தொப்பி. அவளுடைய ஜனங்கள் இந்தக் காட்டில் தீயோடு மல்லுக்கட்டுவது எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுக்கு இவள் ஒருத்திதானா என்று இருந்தது.

அதை வாய்விட்டே கேட்டேன்.

"ஒரு பம்பு, ஒரு ஆளு, பெரியவரே," என்றாள். "ரெண்டாவது பம்பு வேணும்னா ரெண்டாவது வீடு கட்டுங்க."

எமில் படகிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவள் பம்பை வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் சுலபத்தில் யாரையும் மெச்சுகிறவன் அல்ல. தண்ணீர் ஓரத்தில் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, கல்லைப் பெயர்த்து, பலகையைச் சமமாகப் போட்டாள். உறிஞ்சு குழாயின் முனையை ஒரு தகர வாளிக்குள் வைத்து ஏரியில் இறக்கினாள், சேறும் பாசியும் உள்ளே போகாமலிருக்க. பெட்ரோல் கேனைப் பம்பை விட்டு எட்டு அடி தள்ளி, காற்று வரும் பக்கமாக வைத்து, நீளமான ரப்பர் குழாயால் இணைத்தாள். கூரை மேலே மூன்று தெளிப்பான், பின்பக்கம் இரண்டு. மூன்று இழுப்பில் பம்பு கத்த ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் என் கூரையின் நாலு பக்கமும் தண்ணீர் சொட்டியது. எங்கேயும் ஓடவில்லை, எதையும் இரண்டு தடவை செய்யவில்லை.

பிறகு அடுத்த கேனுக்குக் கலக்க ஆரம்பித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

காலிக் கேனில் முதலில் ஆயில். ஒரு லிட்டர் பாட்டில் முழுவதும், கடைசிச் சொட்டு வரை. பாட்டிலுக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கழுவி அதையும் ஊற்றினாள். பிறகு கால் கேன் பெட்ரோல். மூடியை இறுக்கி, கேனைக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி பக்கவாட்டில் ஆட்டினாள். பிறகு கழுத்துவரை நிரப்பி மறுபடி ஆட்டினாள். கடைசியாகப் பையிலிருந்து மஞ்சள் ரிப்பன் எடுத்துக் கைப்பிடியில் கட்டி, தொங்குகிற வாலில் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

முறை சரிதான். அளவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில். என் ரம்பத்துக்கு அதில் பாதிதான் ஊற்றுவேன், ஐம்பதுக்கு ஒன்று. இந்தக் காலத்து ஆயிலுக்கு அது தாராளம். இவள் ஊற்றுகிற அளவுக்கு பொறி போடும் பிளக் கரிபிடித்து இன்ஜின் நின்றுவிடும் என்று சொன்னேன்.

"அது ரம்பத்துக்கு. ரம்பம் ரெண்டு நிமிஷம் கத்தும், அப்புறம் மூச்சு வாங்கும். இது விடியக்காலையிலேர்ந்து பொழுது சாயுறவரைக்கும் முழு வேகத்துல கத்தணும். பம்பு கேக்குறது இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

"பம்பு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"சொல்லும். ஆயில் கூடினா புகையும். குறைஞ்சா புதைக்கணும்."

முடிச்சு எதற்கு என்று கேட்டேன். ஒரு முடிச்சு ரம்பக் கலவை, இரண்டு முடிச்சு பம்புக் கலவை, ரிப்பன் இல்லையென்றால் வெறும் பெட்ரோல் என்றாள். புகை இறங்கிவிட்டால் கேனில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, கையுறை போட்ட விரலுக்கு முடிச்சு தெரியும். அவர்கள் முகாம்களில் எல்லாம் அப்படித்தானாம். இன்னொன்றும் சொன்னாள். பம்புக்காரியைத் தவிர யாரும் கேனைத் தொடக் கூடாது. கலக்கவும் கூடாது, ஊற்றவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அது என் சட்டம். என் சட்டத்தை என் படித்துறையில் எனக்கே சொல்கிறாள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் பம்பு ஓடியது. நீலப் புகை ஒரு கயிறுபோல ஏரி மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் ஆயில் வீணாகிறதே என்று எனக்கு எரிந்தது.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குக் காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசியது. மலைமுதுகில் இருந்த புகை எழுந்து நின்று, பிறகு எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. வெர்னா கடைசிக் கேனைப் பம்பில் மாட்டினாள். காலிக் கேன்களையும் ஆயில் பெட்டியையும், அன்று காலை மறுபடி வந்திருந்த எமிலிடம் கொடுத்து, வடகோடியில் இருக்கும் அவர்கள் முகாமுக்குப் போய்ப் பெட்ரோல் பிடித்து, அங்கேயே அவள் தம்பியிடம் கலக்கக் கொடுத்து, இரண்டு மணிக்குள் வந்துவிடச் சொன்னாள். கேனில் இருப்பது இரண்டரை வரைக்கும் வரும் என்று கணக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருநூறு அடி மேலே குழாயைக் காட்டோரமாக மாற்றப் போய்விட்டாள்.

நான் படித்துறையில் தனியாக இருந்தேன். ஒன்றரை மணிக்குக் கேனைத் தூக்கிப் பார்த்தேன். தொடக்கூடாது என்றாள்தான். தூக்கித்தான் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஏரி முழுக்கப் புகை, எமிலின் படகு கண்ணுக்கெட்டின தூரம் வரை இல்லை. எனக்கு எமில் மேல் நம்பிக்கை இல்லை. அவன் கல்யாணத்துக்கே தாமதமாகப் போனவன். அவளுடைய இரண்டரை மணிக் கணக்கிலும் நம்பிக்கை இல்லை. அதைவிட, அவள் கலவையில் சுத்தமாக இல்லை. அன்று காலை பம்பு ஒரு தடவை விக்கியது. பிளக் கரிபிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, வாளிக்குள் ஒரு தண்டுப் பாசி போயிருக்கிறது, அவள் அதை எடுத்துப்போட்டுவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஷெட்டில் என் ரம்பக் கேன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானே கலந்தது, இருபது லிட்டர். எடுத்துக்கொண்டு வந்து அவள் கேனில் ஊற்றினேன், கழுத்து வரைக்கும். கலவை மெலிந்தால் பிளக்குக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருநூறு அடி தூரம். நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் நீலப் புகைக் கயிறு மெலிந்தது. பிறகு அனேகமாகக் காணோம். எனக்குச் சந்தோஷம். பார், இப்போதுதான் சுத்தமாக எரிகிறது என்று நினைத்தேன். மலைச்சரிவில் ஒரு மரம் உச்சிவரை பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. லாரி ஒன்று சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். தீப்பொறிகள் ஏரிக்கு வர ஆரம்பித்தன. தண்ணீரில் விழுந்து சுள்ளென்று அணைந்தன.

இரண்டு மணி இருக்கும். பம்பின் குரல் மாறியது.

வேறு யார் காதுக்கும் கேட்டிருக்காது. தண்ணீர் அப்படியேதான் போகிறது. ஆனால் அந்தக் கத்தலின் அடியில் ஒரு இழுவை. ஒரு கனத்த மனுஷன் படியேறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி. நான் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். எழுபத்தொன்றில், ஒரு தேவதாருவின் பாதியில், ரம்பம் செத்துப்போவதற்குக் கொஞ்சம் முன்னால்.

கூரையைப் பார்த்தேன். தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பம்பு நின்றால் பத்தே நிமிஷத்தில் அந்தச் சூட்டில் கூரை காய்ந்துவிடும். எட்னாவின் சமையலறை, ஜன்னல் ஓரத்து நாற்காலி, எல்லாம் ஒரு பொறிக்குப் போய்விடும். அதைக் கொல்லப்போவது தீ இல்லை, நான். எழுபத்தொன்றில் அந்த முகாமில் வெறும் பெட்ரோலைக் கொடுத்தான் என்று நான் கழுத்தைப் பிடித்த ஆளும் நானும் ஒன்று.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பம்பு பழசு, தானாகப் போயிற்று என்று சொல்லலாம். அப்படித் தோன்றியதை மறைக்க மாட்டேன். பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். அறுபத்தாறு வயதில் ஓடக்கூடிய ஓட்டம்.

"உன் கேன்ல என் ரம்பக் கலவையை ஊத்திட்டேன்," என்றேன். "பம்பு இழுக்குது."

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துப் படித்துறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். கையிலிருந்த குழாயைக் கீழே போட்டாள். ஓடவில்லை, ஆனால் நான் பின்னால் ஓடித்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

நிறுத்து, நிறுத்து என்று நான் கத்தினேன்.

"நிறுத்தினா சூட்டோட அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. ஓடட்டும்."

வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். கூரைத் தண்ணீரின் வீச்சு குறைந்து கூரை ஓரத்தோடு சரி, ஆனால் நின்றுபோகவில்லை. பிறகு சோக்கை ஒரு நூல் அளவு இழுத்தாள். அதை நான் என் ஆயுளில் நினைத்துப் பார்த்ததில்லை. சோக்கை இழுத்தால் உள்ளே பெட்ரோல் கூடப் போகும். பெட்ரோலோடு இருக்கிற கொஞ்ச ஆயிலும் கூடப் போகும். இன்ஜினும் சற்றுக் குளிரும். பம்பு சளி பிடித்தவன்போலக் குரல் கம்மி, இருமி, ஓடிக்கொண்டே இருந்தது. இழுவை கொஞ்சம் தளர்ந்தது. அவள் கண்டுபிடித்தது நிமிஷக் கணக்கில் அவகாசம், அவ்வளவுதான். அதுவே என்னிடம் இல்லாதது.

எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டாள். பதினைந்து லிட்டர் என்றேன். அவள் என் ரம்பக் கேனை இழுத்து, இடுப்பிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உள்ளே விட்டாள். விரல் தடிமன் ஆல்டர் மரக் குச்சி, நெடுக வெட்டுக்குறி. ஈரம் எந்தக் குறிவரை என்று பார்த்தாள்.

"சொன்னேனே, பதினஞ்சுதான்," என்றேன்.

"நீங்க யாரையும் நம்புறதில்ல. உங்கள மட்டும் நான் ஏன் நம்பணும்?"

அந்த நேரத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது.

கணக்கை அவள் வாய்க்குள்ளேயே போட்டாள். பதினைந்து லிட்டரில் முந்நூறு மில்லி ஆயில் இருக்கிறது, அறுநூறு இருந்திருக்க வேண்டும். இன்னும் முந்நூறு. ஓடித் தீர்ந்ததைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஆனால் கூடினால் புகைதானே வரும் என்று முந்நூறையே வைத்துக்கொண்டாள். அதைச் சொல்லி முடிக்க எனக்கு இவ்வளவு நேரம் ஆகிறது. அவளுக்கு ஒரு மூச்சு.

ஆனால் ஆயில்? பெட்டி எமிலோடு போய்விட்டது.

"என்கிட்ட இருக்கு," என்று ஷெட்டுக்குப் போய் இரண்டு மேப்பிள் பாகு ஜாடிகளோடு வந்தேன். என் வழக்கம் அது. கடைக்காரன் டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. வாங்கியதும் என் ஜாடிக்கு மாற்றிவிடுவேன். ஒன்றில் பெட்ரோலோடு கலக்கிற ஆயில். இன்னொன்றில் ரம்பத்தின் சங்கிலியில் சொட்டுகிற ஆயில். எது எது என்று எனக்கு ஷெட்டுக்குள் இருக்கும்வரை தெரியும், இடதுபக்கம் வலதுபக்கம். அவசரத்தில் இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்ததில் எது இடது எது வலது என்று போய்விட்டது. சங்கிலி ஆயில் இன்ஜினுக்குள் போனால் கோந்து. அத்தோடு முடிந்தது.

அவள் ஜாடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஜாடியில் விரலை விட்டாள். கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்தாள். இரண்டு விரலுக்கும் நடுவே நூல் நூலாக நீண்டது, தேன் மாதிரி. சங்கிலியை விட்டுத் தெறிக்காமல் ஒட்டிக்கொள்ள அதில் பிசின் உண்டு. அதைத் தள்ளி வைத்தாள். அடுத்ததில் விட்டாள். நூல் வரவில்லை, வழுக்கியது, நீலச் சாயம் நகத்தில் நின்றது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இது. மூடி போட்ட பாட்டில் ஒண்ணு கொண்டாங்க."

எட்னாவின் ஊறுகாய் ஜாடியிலிருந்த வெள்ளரியை அப்படியே ஏரியில் கொட்டிவிட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். ஒரு சொட்டு தண்ணீர் இருக்கக் கூடாது என்று திருப்பிக் கொடுத்தாள். என் சட்டையைக் கழற்றித் துடைத்தேன்.

ஆயிலை நேராகக் கேனில் கவிழ்ப்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் செய்யவில்லை. கேனின் அடியில் இருந்துதான் குழாய் உறிஞ்சுகிறது, கலக்காத ஆயில் நேராக அடியில் போய் உட்காரும், பம்பு வெறும் ஆயிலைக் குடித்துத் திணறி நிற்கும். ஊறுகாய் ஜாடியின் பாதிவரை என் கேனில் மிஞ்சியிருந்த கலவையை ஊற்றி, அதில் முந்நூறு மில்லி ஆயிலை விட்டு, மூடியை இறுக்கி ஆட்டினாள். மேலே தீப்பொறி பறக்கிறது. என் தொப்பி மேலே ஒன்று விழுந்தது. அவள் தன் முதுகை மலைப்பக்கம் திருப்பி, ஜாடியை நெஞ்சுக்கு அருகே வைத்துக்கொண்டு, எண்ணி ஆட்டினாள். உதடு அசைவதைப் பார்த்தேன். முப்பது. ஒன்று குறையவில்லை.

ஈரச் சாக்கைத் தலைக்கு மேலே கூரைபோலப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அதன் அடியில் கேனைத் திறந்து, சன்னமாக, உள்பக்கச் சுவரோரமாக ஊற்றினாள். மூடினாள். கேனைக் கைகளால் அணைத்துப் பக்கவாட்டில் ஆட்டினாள், குழாய் காற்றை உறிஞ்சிவிடாமல் அளவாக. பிறகு உட்கார்ந்து பம்பைப் பார்த்தாள்.

குழாயில் இருக்கும் பழைய கலவை தீர்ந்து புதியது இன்ஜினுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். எனக்கு ஒரு வருஷம். பிறகு புகைபோக்கியில் ஒரு நீல இழை. அது தடித்து ஒரு நூல். நூல் கயிறானது. பம்பின் அடியில் இருந்த இழுவை போய்விட்டது. அவள் சோக்கைத் தள்ளினாள். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள், ஒவ்வொரு தடவையும் காதைக் கொடுத்துவிட்டு. கூரையில் தண்ணீர் மறுபடி எழுந்தது.

நேற்று எந்தப் புகையைப் பார்த்து எனக்கு எரிந்ததோ அதைப் பார்த்து இப்போது கண்ணில் தண்ணீர் வந்தது. புகை பட்டுத்தான்.

மூன்று மணிக்குத் தீ என் எல்லைக்கு வந்தது. அதை வர்ணிக்க மாட்டேன், பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை. விறகுக்கொட்டகை தெளிப்பான் எட்டாத இடத்தில் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. பழைய கழிப்பறை அதற்கு முன்பே போய்விட்டது. கூரையில் கைப்பிடி அளவு கொள்ளிகள் விழுந்து, உருண்டு, சீறி, கறுத்தன. நான் வாளியோடு சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் பம்பை விட்டு ஒரு அடி நகரவில்லை. ஒரு கை கேன் மேலேயே இருந்தது, மாட்டின் நெற்றியில் கை வைத்திருப்பவள்போல.

எமில் புகைக்குள்ளிருந்து வந்து சேர்ந்தபோது பம்புக் கேனில் ஒரு விரற்கடை கலவைதான் மிச்சம். புகையில் கரை தெரியாமல் இரண்டு தடவை சுற்றிவிட்டானாம். புருவம் பாதி கருகியிருந்தது. அவன் இறக்கின கேனின் ரிப்பனை வெர்னா தடவிப் பார்த்து, இரண்டு முடிச்சு என்று விரலால் எண்ணிய பிறகே மாட்டினாள். தம்பி கலந்ததைக்கூட ஆட்டி, முகர்ந்து பார்த்தாள்.

ஆறு மணிக்குக் காற்று செத்தது. தீ எங்களைத் தாண்டி, தெற்கே பாறைக்காட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. வீடு நின்றது. நாலு சுவர், கூரை, எட்னாவின் ஜன்னல், எல்லாம்.

வெர்னா அப்போதுதான் பம்பை நிறுத்தினாள். ஆறவிட்டு பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பினாள். என்னைக் கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிளக்கின் நுனியில் வெள்ளை வெள்ளையாக இரண்டு பொட்டு, மணல் அளவு.

"பிஸ்டன்," என்றாள். "உருக ஆரம்பிச்சுட்டுது. இன்னும் ஒரு நாலு நிமிஷம் நீங்க யோசிச்சிருந்தீங்கன்னா இங்க நாம உக்காந்திருக்க மாட்டோம்."

எமிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நெல்சு, முப்பது வருஷமா உன் கேனைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்லிட்டிருந்தியே. இப்ப யார் கையை ஒடிக்கிறது?"

"என் கையத்தாண்டா," என்றேன். "வந்து ஒடி."

வெர்னா தீ அலுவலகத்தின் நோட்டை எடுத்து எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். பம்புக் கேனில் வீட்டுக்காரர் ரம்பக் கலவை ஊற்றினார், தானே வந்து சொன்னார், சரிசெய்யப்பட்டது, பிஸ்டனைப் பார்க்க வேண்டும் என்று படித்துக் காட்டினாள். என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். அடுத்த பம்புக்காரன் இந்தப் பம்பை நம்பி எங்கேயாவது எடுத்துப்போவான், அவனுக்குத் தெரிய வேண்டாமா என்றாள். என் மனம் கோணாமலிருக்க அவள் அதை மறைத்திருந்தால், அவள் கலந்த எதையும் நான் அதற்குப் பிறகு நம்பியிருக்க மாட்டேன்.

எட்னா நாலு நாள் கழித்துப் பூனையோடு வந்தாள். முதலில் கேட்டது ஊறுகாய் ஜாடியை.

செப்டம்பரில் எரிந்த மரங்களை அறுத்துத் தள்ள வேண்டியிருந்தது. காலிக் கேனைப் படகில் போட்டுக்கொண்டு வடகோடிக்குப் போனேன். வெர்னா தன் வீட்டு முற்றத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரம்பத்துக்குக் கலந்து கொடு என்று கேனை நீட்டினேன்.

"உங்களுக்குக் கலக்கத் தெரியாதா?"

"தெரியும். நீ கலந்து குடு."

கலந்தாள். ஐம்பதுக்கு ஒன்று, முதலில் ஆயில், கால் கேன் பெட்ரோல், ஆட்டல், பிறகு மீதி. மஞ்சள் ரிப்பன், ஒரு முடிச்சு. திரும்பி வந்து ரம்பத்தில் ஊற்றுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கேனை நானும் ஒரு தடவை ஆட்டினேன். அது பழக்கம், போகாது. ரிப்பனை அவிழ்க்கவில்லை.

ஷெட்டில் இருந்த இரண்டு பாகு ஜாடிகளில் சங்கிலி ஆயில் ஜாடியின் கழுத்தில் ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறேன். இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.